சுக்கினியை விதைக்கும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து எண்ணுங்கள்

மதுரையில் வீட்டு மொட்டைமாடியில் தோட்டம் வைத்திருப்பதாகவும், பிப்ரவரி முதல் வாரம் பூசணிக் குடும்பத்துக் காயான சுக்கினியின் எட்டு விதைகளைப் போட்டதில் ஏழு முளைத்ததாகவும், செடிகள் முறம் அகலத்துக்கு இலைவிட்டுச் செழித்தபோதும் வெறும் ஆண் பூக்களாகவே பூத்து உதிர்ந்ததாகவும், பின்னர் வந்த ஒன்றிரண்டு பிஞ்சுகளும் விரல் நீளத்தில் மஞ்சளாகி நுனியிலிருந்து அழுகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விதை கெட்டதா, மண் கெட்டதா, உரம் போதவில்லையா, பொட்டலத்தில் மிச்சமிருக்கும் பன்னிரண்டு விதைகளை இந்தச் சித்திரையிலேயே மறுபடி போடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

விதையிலும் மண்ணிலும் குறையில்லை என்பதை எட்டில் ஏழு முளைத்ததும் செடி செழித்ததுமே சொல்லிவிடுகின்றன. குறை நாளில் இருக்கிறது. பிப்ரவரி முதல் வாரம் விதைத்த சுக்கினி மார்ச் நடுவில் பூக்கத் தொடங்கும், அது பங்குனி. தளத்தின் சூடு கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் தாக்குகிற அந்த நாட்களில் இந்தச் செடி இலை விடுவதை நிறுத்தாது. ஆனால் பெண் பூக்களைக் குறைத்துக்கொண்டு ஆண் பூக்களைப் பெருக்கும், அந்த ஆண் பூக்களின் மகரந்தமும் வெயில் ஏற ஏற விரைவில் வலுவிழந்துவிடும். ஆகவே நான் முதன்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சுக்கினிக்கு விதைக்கும் நாளை முதலில் முடிவு செய்யக் கூடாது, அது பூக்க வேண்டிய நாளை முடிவு செய்து, அங்கிருந்து ஏறத்தாழ 40 நாட்கள் பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும்.

பொட்டலத்தின் மேல் 'சம்மர் ஸ்குவாஷ்' என்று அச்சிட்டிருப்பதுதான் நம்மவர் பலரையும் ஏமாற்றுகிறது. அந்தப் பெயரைப் பார்த்து, இது கோடையைத் தாங்கும் காய் போலும் என்று எண்ணித் தைக் கடைசியிலும் மாசியிலும் விதைத்தவர்கள் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர். அந்தப் பெயர் வெயிலைத் தாங்கும் திறத்தைக் குறிப்பதன்று. தோல் முற்றுவதற்கு முன் கோடையிலேயே பறித்து உண்ணும் வகையை அமெரிக்கர்கள் அவ்வாறு அழைத்தார்கள்; முற்றவிட்டுப் பறித்துக் குளிர்காலத்துக்குச் சேமித்துவைக்கும் வகைகளுக்கு 'விண்டர் ஸ்குவாஷ்' என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான் வேறுபாடு. இன்று நாம் சுக்கினி என்று வாங்குவது இத்தாலியின் மிலான் பக்கத்துத் தோட்டக்காரர்கள் உருவாக்கியது; மிலானில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியசை ஒட்டியும், இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கும். மதுரையில் அதே அளவு எப்போது வாய்க்கிறது என்று பார்த்தால், மார்கழி கடைசியும் தை மாதமும்தான். அவர்களுடைய நடுக்கோடை நமது தை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்தச் செடியைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதன் பூர்விகம் இத்தாலி அன்று. மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்தில் உள்ள குயிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த, மனிதரால் பயிரிடப்பட்ட இந்த இனத்தின் விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவை. மக்காச்சோளத்தையும் அவரை இனத்தையும் இதனோடு சேர்த்து ஒரே நிலத்தில் விதைப்பது அந்தக் கண்டத்துப் பூர்வகுடிகளின் வழக்கம். குக்குர்பிட்டா பெப்போ என்னும் இந்த இனமும், குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்னும் நம் ஊர்ப் பரங்கியும் ஒரே குடும்பத்தில் நெருங்கிய உறவுகளே என்றாலும், பழக்கவழக்கத்தில் வேறுபட்டவை. பரங்கி கொடியாக ஓடி, கணுக்கள்தோறும் வேர்விட்டு, நான்கைந்து மாதங்கள் நின்று காய்க்கும். சுக்கினியோ பெரும்பாலும் படராமல் ஒரே தண்டில் குத்தாக நிற்கும். விதைத்த 45 முதல் 55 நாட்களில் முதல் காய், அதன்பின் நான்கைந்து வாரங்கள் நல்ல காய்ப்பு, மூன்று மாதத்தில் நமது வெப்பத்தில் அதன் வாழ்வு முடிந்தது. இதற்குப் பந்தல் போடுவது வீண் செலவு.

மதுரைக்கான கணக்கு இவ்வாறு அமையும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டும். அந்த ஈரத்தில் பூத்தால் மகரந்தம் நனைந்து வீணாகும், இலையில் நோய் ஏறும். மாசி பாதிக்கு மேல் வெயில் கடுமையாகும். இடையில் கிடைப்பது மார்கழி, தை, மாசியின் முற்பாதி. ஆகவே நவம்பர் கடைசியில் ஒருமுறை மூன்று விதைகள், டிசம்பர் இருபதை ஒட்டி இன்னொருமுறை மூன்று விதைகள் என்று இரண்டு தவணையாகப் போடுங்கள். முதல் தவணை ஜனவரி தொடக்கத்தில் பூக்கும், இரண்டாவது தவணை ஜனவரி கடைசியில் பூக்கும். எட்டு விதைகளை ஒரே நாளில் போடுவதால் நன்மை ஏதுமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரே சமயத்தில் மூன்று செடிகள் போதும், அதற்கு மேல் போனால் தெருவில் எல்லா வீட்டுக்கும் காயைக் கொடுத்துவிட்டு, அவர்கள் கதவைத் திறக்கத் தயங்கும் நிலை வரும்.

ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். நான் இருக்கும் கோவையில், ஆனி ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வந்து வெயிலைத் தணித்துவிடுவதால், வைகாசிக் கடைசியில் விதைத்து ஆடியில் காய் பறிக்கவும் முடிகிறது; ஆனால் அதே காற்று, உள்ளே குழலாக இருக்கும் இலைக்காம்புகளை முறித்துப் போடும் என்பதால் மேற்குப் பக்கம் ஒரு தட்டி கட்ட வேண்டியிருக்கிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் இதற்கு நேர்மாறான சிக்கல்: அங்கே வெயிலால் கெடுவதில்லை, உறைபனியால் கருகும், பனிக்காலம் கழிந்து பங்குனி, சித்திரையில் விதைப்பதே அங்குப் பொருத்தம். பஞ்சாபிலும் இமாசலத்தின் அடிவாரங்களிலும் 'சப்பன் கத்து' என்ற பெயரில் இதே இனத்தைப் பனி விலகிய உடனே விதைத்து, வெயில் முற்றுவதற்குள் அறுத்து முடித்துவிடுகிறார்கள்.

ரகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரும்பச்சை உருளைக் காய் வேண்டுமானால் 'பிளாக் பியூட்டி' என்னும் பழைய ரகம் எளிதில் கிடைக்கும். அது கலப்பினம் அன்று. குல்லு பள்ளத்தாக்கிலுள்ள கட்ராயின் ஆய்வு நிலையத்தில் உருவான 'பூசா அலங்கார்' ஒரு கலப்பின ரகம், சீக்கிரம் காய்க்கும். தட்டையாக, விளிம்பில் பூ இதழ் போல் மடிப்புகளுடன் வரும் 'பேட்டி பேன்' வகையும், மஞ்சள் நிற வகைகளும் வளர்ப்பு முறையில் ஒன்றுதான். தேனீ வராத உயர்ந்த அடுக்குமாடியில் இருப்பவர்கள் மட்டும், மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே காய் பிடிக்கக்கூடிய 'பார்த்தனான்', 'காவிலி' போன்ற கலப்பின ரகங்களைத் தேடலாம். விலை அதிகம், எல்லாக் கடையிலும் கிடைப்பதுமில்லை. உங்களுக்கு அது தேவையில்லை.

விதைப்பில் நீங்கள் செய்தது பெரும்பாலும் சரியே. நாற்றுத்தட்டின் சிறு குழியில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்தீர்களா என்பது மட்டுமே எனக்குள்ள ஐயம். சுரை, பூசணிக் குடும்பம் முழுவதும் வேர் அசைவதை வெறுக்கும். கத்தரி, மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடுவது போல் இதைச் செய்தால் செடி ஒரு வாரம் முடங்கிப் போகும், நமது குறுகிய பருவத்தில் ஒரு வாரம் என்பது இரண்டு மூன்று காய்கள். ஆகவே, வளரப் போகும் பையிலேயே நேரடியாக விதைப்பதை நான் விரும்புகிறேன். அணிலோ எலியோ தோண்டும் இடமாக இருந்தால், காகிதக் கோப்பையில் அடியில் ஓட்டையிட்டு விதைத்து, விதையிலைகளுக்குப் பின் வரும் முதல் இரண்டு உண்மை இலைகள் விரிந்தவுடன், கோப்பையைக் கிழித்து மண்ணாங்கட்டி உடையாமல் இறக்கிவிட வேண்டும்.

விதையை நான்கு முதல் ஆறு மணி நேரம் நீரில் ஊறவைத்தால் போதும். இரவு முழுவதும் ஊறவைத்து மறுநாள் மதியம் வரை மறந்துவிடுகிறவர்களின் விதை மூச்சுத்திணறி அழுகும். ஊறிய விதையைச் சிறிதளவு சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்ப் பொடியில் புரட்டி, இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில், கூர்முனை பக்கவாட்டில் இருக்குமாறு வையுங்கள். பிறகு ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, முளை மேலே வரும் வரை மேல்மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மண்ணின் வெப்பம் 21 முதல் 35 டிகிரிக்குள் இருந்தால் ஐந்தாறு நாட்களில் முளைவிடும். கார்த்திகைக் குளிரில் ஓரிரு நாள் கூடலாம். 15 டிகிரிக்குக் கீழே போனால் விதை முளைக்காமல் மண்ணிலேயே கெடும், ஆனால் அது மதுரையின் கவலை அன்று. விதை தாராளமாக இருப்பவர்கள் ஒரு பைக்கு இரண்டு விதைகள் போட்டு, இரண்டும் முளைத்தால் நலிந்ததைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்க வேண்டாம், அடுத்ததன் வேரும் சேர்ந்து அசையும்.

பை எவ்வளவு பெரியது என்று நீங்கள் எழுதவில்லை. மாடித்தோட்டத்துக்கு ஒன்றேகால் அடி அகலமும் அதே உயரமும் உள்ள பை, அதாவது 40 லிட்டர் அளவு மண் கொள்வது, குறைந்தபட்சம். ஒன்றரை அடிப் பை இருந்தால் தண்ணீர்ப் பிரச்சினை பாதியாகும். தரையில் நடுவோர் செடிக்குச் செடி மூன்றடி விடவேண்டும், ஏனெனில் இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் உள்ளே காற்றோட்டம் நின்று சாம்பல் நோய்க்கு வழி திறக்கும். மண்கலவை பற்றி ஒவ்வொருவரும் ஒரு விகிதம் சொல்வார்கள். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஊறவைத்து உதிர்த்த தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு என்பதில் நான் குறை கண்டதில்லை. இலை நன்றாகக் கருத்து, பெருத்து, பூவே வராமல் நின்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது மேலும் உரம் போடுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும். செடி பூக்கத் தொடங்கியதிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும், மாற்று வாரங்களில் லிட்டருக்கு 30 மில்லி கலந்த பஞ்சகவ்யாவும் போதுமானவை.

தண்ணீரைப் பொறுத்தவரை, இந்த இலைகள் நண்பகலில் துவண்டு தொங்குவதைக் கண்டு உடனே குடத்தைத் தூக்க வேண்டாம். அகலமான இலை, வேர் உறிஞ்சும் வேகத்தை விட விரைவாக நீரை ஆவியாக்குவதால் வரும் துவளல் அது. மாலை ஐந்து மணிக்குத் தானாக நிமிர்ந்துவிட்டால் குறையொன்றுமில்லை. காலையிலேயே துவண்டிருந்தால்தான் நீர் போதவில்லை, அல்லது வேர் அழுகுகிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நீரை இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றி, மேல்மண்ணைக் காய்ந்த இலையாலோ கரும்புச் சோகையாலோ மூடிவையுங்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட இடத்துக்கு வருகிறேன். சுக்கினிச் செடி ஒன்றிலேயே ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். ஆண் பூவுக்கு மெலிந்து நீண்ட காம்பு இருக்கும், நடுவில் மஞ்சள் மகரந்தம் பூசிய ஒற்றைத் தண்டு நிற்கும். பெண் பூவுக்குக் காம்பு குட்டையாக, இதழுக்கு அடியிலேயே கட்டைவிரல் போன்ற ஒரு குட்டிக்காய் இருக்கும். பூக்கும் முன்பே அந்தக் குட்டிக்காய் இருப்பதால்தான் பலரும் காய் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து, நான்கு நாள் கழித்து அது மஞ்சளாகும்போது நோய் என்று நினைத்து மருந்து தெளிக்கிறார்கள். அது நோயன்று. அது இன்னும் காயே அன்று. மகரந்தம் சேர்ந்தால்தான் காயாகும், சேராவிட்டால் செடி அதைக் கைவிட்டுவிடும். உங்கள் பிஞ்சுகளுக்கு நேர்ந்தது அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதல் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூக்களாகவே வருவது இயல்பு; அதைக் கண்டு செடியைப் பிடுங்கிவிடக் கூடாது. பகல் நீண்டு வெப்பம் ஏறினால் ஆண் பூக்கள் மிகும், பகல் குறுகி இரவு குளிர்ந்தால் பெண் பூக்கள் மிகும். வேளாண் துறையினர் வணிகத் தோட்டங்களில் பெண் பூவைக் கூட்ட எத்தரல் என்னும் வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கச் சொல்வதுண்டு. வீட்டில் மூன்று செடி வைத்திருப்பவர் அந்தப் புட்டியை வாங்க வேண்டியதில்லை, மார்கழிக் குளிரே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு காலைப் பொழுதுதான் வாழ்கிறது. விடியற்காலையில் விரிந்து, முற்பகலிலேயே சுருங்கி மூடிக்கொள்ளும். மறுநாள் அது திறக்காது. மகரந்தமும் பரங்கியைப் போலவே கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதால் காற்றில் பறக்காது, யாராவது சுமந்து செல்ல வேண்டும். அமெரிக்கக் கண்டத்தில் இந்தப் பூவுக்கென்றே விடியலுக்கு முன் எழுந்து வரும் தனித் தேனீ இனங்கள் இருக்கின்றன. நம் ஊரில் அவை இல்லை. அடுக்குத் தேனீயும் கொம்புத் தேனீயும் கொசுத்தேனீயும்தான் வந்து போக வேண்டும். மாடியில் துளசி, திருநீற்றுப்பச்சை, சூரியகாந்தி ஏதாவது பூத்திருந்தால் அவை வரும். உங்கள் மாடிக்கு அவை வருகின்றனவா என்பதைக் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் நின்று பார்த்தே முடிவு செய்யலாம். வரவில்லையென்றால் அந்த வேலை உங்களுடையது.

கையால் மகரந்தம் சேர்ப்பதை நான் ஒரு தொந்தரவாக நினைப்பதில்லை; காப்பி குடித்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை. முந்தைய மாலையே செடியைச் சுற்றிப் பார்த்தால், மறுநாள் விரியப் போகும் மொட்டின் நுனி பச்சை நீங்கி மஞ்சளாகியிருப்பது தெரியும். காலை ஆறரை முதல் எட்டு மணிக்குள், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்து எறிந்துவிட்டு, நடுத்தண்டில் விரலை வைத்துப் பார்த்து மஞ்சள் தூள் ஒட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அதைப் பெண் பூவுக்குள் விட்டு, நடுவில் மடல் மடலாக இருக்கும் சூல்முடியின் எல்லா மடல்களிலும் படுமாறு மென்மையாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். எல்லா மடல்களிலும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரு பக்கம் மட்டும் மகரந்தம் பட்டால் உள்ளே சில விதைகள் மட்டுமே கருவுற்று, காம்புப் பக்கம் பருத்து நுனிப் பக்கம் சூம்பிய கோணல் காயாக வளரும், அல்லது பாதியில் அழுகும். ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூக்களுக்கு வரும். ஒரே செடி வைத்திருப்பவர்களுக்குப் பெண் பூ விரியும் நாளில் ஆண் பூ இல்லாமல் போகும் சங்கடம் அடிக்கடி நேரும். மூன்று செடிகள் வேண்டும் என்று நான் சொன்னது பசிக்காக அன்று, இதற்காக.

மகரந்தம் சேர்ந்த பிஞ்சு இரண்டே நாளில் நிறம் கருத்துப் பருப்பதும், பூ அதன் நுனியில் வாடித் தொங்குவதும் கண்ணுக்குத் தெரியும். மழை தூறினால் அந்த வாடிய பூவை மெல்லத் திருகி எடுத்துவிடுங்கள், நுனி அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். நன்றாக வளர்ந்த காயின் நுனி மட்டும் கருத்துக் குழிந்தால் அது வேறு சிக்கல். ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் மாறி மாறிப் போவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாமல் போவது. முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போடுவதால் அது உடனே தீராது, தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய் சரியாக வரும்.

பூ விரிந்த நான்கு முதல் ஏழு நாட்களில், ஒரு சாண் நீளம் வந்ததும் கத்தியால் காம்போடு அறுங்கள். திருகினால் தண்டு கிழியும். ஒருநாள் மறந்தால் இன்னும் நீளும். இரண்டு நாள் மறந்தால் முழங்கையளவு பருத்து உள்ளே பஞ்சாகும், அதைவிடக் கேடு, செடி தன் கடமை முடிந்ததென்று அடுத்த பெண் பூக்களைக் குறைத்துக்கொள்ளும். பிஞ்சாகப் பறித்ததைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைத்தால் புடலங்காய்க் கூட்டுக்கு இளையதன்று. நீர்க்காய் என்பதால் உப்பைக் கடைசியில் போட வேண்டும். மிஞ்சிய ஆண் பூக்களைக் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம்.

பூச்சி நோய்களில் மூன்றைச் சொல்கிறேன். முளைத்த முதல் இரண்டு வாரம் செம்மஞ்சள் நிறப் பூசணி வண்டு விதையிலையைச் சல்லடையாக்கும். விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்துச் சோப்புநீரில் போடுவதும், செடி இரண்டடி உயரும் வரை கொசுவலையால் மூடுவதும் போதும், ஆனால் பூத்ததும் வலையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது பழ ஈ. பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும், உள்ளே புழு நெளியும். அதற்குக் கியூலூர் என்னும் ஈர்ப்பு மருந்து வைத்த பொறி உதவும். மாம்பழ ஈக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறிக்கு இந்த ஈ வராது என்பதைக் கடையில் கேட்டு வாங்குங்கள். மகரந்தம் சேர்ந்த மறுநாளே பிஞ்சைக் காகித உறையால் மூடுவது இன்னும் உறுதியான வழி.

மூன்றாவது, செடியின் பிற்பகுதி வாழ்நாளில் தவறாமல் வரும் சாம்பல் நோய். இலையில் மாவு தூவியது போல் வட்ட வட்டமாகத் தோன்றி, விரலால் தேய்த்தால் அழியும். அழியாத வெள்ளி நிறத் திட்டுகள் நரம்புகளின் கவட்டில் இருந்தால் அது பல சுக்கினி ரகங்களின் இயற்கையான கோலம். அதற்கு மருந்தடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இலை முழுவதும் நரம்போடு சேர்ந்து வெள்ளியாக வெளுத்தால் மட்டும் அடிப்பக்கம் வெள்ளை ஈ இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். சாம்பல் நோய்க்குப் பசும்பால் நல்ல மருந்து என்பது பாட்டி வைத்தியம் போலத் தோன்றினாலும், பிரேசிலைச் சேர்ந்த வாக்னர் பெட்டியோல் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதே சுக்கினியில் செய்யப்பட்டதுதான். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து வாரம் இருமுறை, வெயில் படும் காலையில் இலையில் தெளித்தால் கட்டுப்படும். பூவில் படாமல் தெளியுங்கள். கந்தகத் தூளையும் தாமிர மருந்துகளையும் சுரைக் குடும்பத்துக்குத் தூவக் கூடாது, இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் தேனீ அடங்கிய மாலைப்பொழுதில் தெளியுங்கள்.

விதை எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் இதில் உயிருக்கே ஊறு நேர்ந்திருப்பதால் சொல்லாமல் விட மனமில்லை. இந்த இனத்தில் குக்குர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு காட்டு மூதாதையரிடமிருந்து வழிவழியாக ஒளிந்தே வருகிறது. பயிர் ரகங்களில் அது நீக்கப்பட்டிருந்தாலும், அலங்காரத்துக்கு வளர்க்கும் குட்டிப் பூசணிகளோடு மகரந்தம் கலந்த விதையில் மீண்டும் தலைதூக்கும். 2015 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், வீட்டில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்தார். கசக்கும் சுரைக்காய்ச் சாறு பற்றி இங்கேயும் அத்தகைய எச்சரிக்கை உண்டு. சமைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. ஆகவே ஒவ்வொரு செடியின் முதல் காயிலும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தச் செடியையே அகற்றுங்கள். பக்கத்தில் பரங்கி இருப்பதால் பயமில்லை, அது வேறு இனம் என்பதால் எளிதில் கலக்காது.

மிச்சமிருக்கும் பன்னிரண்டு விதைகளை இந்தச் சித்திரையில் போட வேண்டாம். வைகாசியில் பூத்து, இப்போது பார்த்ததையே மறுபடி பார்ப்பீர்கள். சுக்கினி விதை ஈரம் படாமல் இருந்தால் நான்கைந்து ஆண்டுகள் முளைப்புத்திறன் குன்றாது. பொட்டலத்தை மடித்து, இறுக மூடும் சிறு டப்பாவில், வறுத்து ஆறிய அரிசி ஒரு கைப்பிடியோடு போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். நவம்பர் நடுவில் அதிலிருந்து இரண்டை எடுத்து ஈரத்துணியில் சுற்றிவைத்துப் பாருங்கள். ஐந்து நாளில் இரண்டும் முளை காட்டினால், மழை விட்ட முதல் வெயில் நாளில் மூன்றைப் பையில் ஊன்றலாம்.